பதினேழாம் நம்பர் டம்ளர்

கோகிலவாணி ஆட்களை எண்ணுவது டம்ளரை வைத்துத்தான். தலையை எண்ணினால் தப்பிப் போகும். ஒருத்தர் குனிந்து செருப்பு மாட்டுவார், இன்னொருத்தர் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று வெற்றிலை மடிப்பார், எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பேர் இடம் மாறியிருப்பார்கள். அதனால் சேலம் கடைவீதியில் நாற்பது எவர்சில்வர் டம்ளர் வாங்கி, ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் வெட்டி வைத்திருந்தாள். சுற்றுலா கிளம்பும் நாளில் ஆளுக்கு ஒரு நம்பர். டீ நேரத்தில் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி ஊற்றிவிட்டு ஒரு குரல் கொடுப்பாள். அவரவர் நம்பரை அவரவர்தான் வந்து எடுக்க வேண்டும். தட்டு காலியானால் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு டம்ளர் ஆறிப்போய் நின்றால் ஒரு ஆள் இல்லை. யார் இல்லை என்பதும் அந்த டம்ளரிலேயே இருக்கும்.

அன்றைக்கு அந்தமானில், ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில், மதியம் இரண்டு மணிக்கு ஊற்றிய டீக்கும் தட்டு காலியாகத்தான் ஆனது. மூன்றேகாலுக்கு எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்தபோது பதினேழாம் நம்பர்க்காரரின் இருக்கையில் ஆள் இல்லை.

"சரவணமுத்தண்ணன் எங்கீங்க?"

பின்சீட்டிலிருந்து வள்ளியாத்தாள், "இங்கதான இருந்தாரு," என்றாள். அந்த அம்மாள் எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வாள்.

"ரெண்டு மணிக்கு டீ குடிச்சாரே. தட்டுல டம்ளரே நிக்கலியே."

குமாரசாமி கழுத்தைச் சொறிந்தார். சரவணமுத்துவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர், பதினாறாம் நம்பர். "அது நாந்தானுங்க எடுத்தேன். பாத்ரூம் பக்கம் போயிருப்பாருன்னு நெனச்சு... ஆறிப்போயிருமேன்னு எடுத்து வெச்சேன்."

"அப்பறம்?"

"வரலீங்க. நானே குடிச்சுப்போட்டேன்."

கோகிலவாணி கையை நீட்டினாள். அவர் மடியிலிருந்து டம்ளரை எடுத்துக் கொடுத்தார். பதினேழு. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேனை விட்டு இறங்கினாள். படகு நாலரைக்கு. நாலேகாலுக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். இங்கிருந்து படகுத்துறைக்கு இருபத்தைந்து நிமிஷம், பெட்டி இறக்கி வரிசை பிடிக்க ஒரு கால் மணி. அவள் கையில் மிச்சமிருப்பது இருபது நிமிஷமோ என்னவோ.

"பிரியா, ஒருத்தரும் எறங்கக் கூடாது," என்று மகளிடம் சொன்னாள். சண்முகப்பிரியா தலையாட்டினாள். டிக்கெட், விடுதி எல்லாம் பார்ப்பது அவள். முகம் வெளுத்திருந்தது.

"அவருக்குப் போன் அடிக்கட்டாம்மா?"

"அவரு போன் பைக்குள்ள. பை வேனு மேல."

காட்டு மரங்களுக்கு நடுவே மணலில் கால் புதையப் புதைய ஓடினாள். நாற்பத்தொன்பது வயது, எண்பது கிலோ. ஓடி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

*

வாழப்பாடியிலிருந்து சேந்தமங்கலத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது கோகிலவாணிக்கு இருபது வயது. பேச்சில் 'ங்க' போடத் தெரியாத பெண் என்று புருஷன் வீட்டில் ஆறு மாதம் கேலி நடந்தது. புருஷன் செங்கோட்டையன் சுற்றுலா பஸ் ஓட்டினார். பிறகு சொந்தமாக ஆள் சேர்த்து நவக்கிரகம், ராமேசுவரம், காசி என்று கூட்டிப்போக ஆரம்பித்தார். கூட வந்து சமைப்பது இவள். பஸ்ஸை நிறுத்திய இடத்தில் அடுப்பு மூட்டி, நாற்பது பேருக்கு அரை மணியில் பருப்புச்சோறு இறக்கிவிடுவாள். ராமேசுவரத்துக்கு இருபது முறைக்கு மேல் போயிருக்கிறாள். உள்பிராகாரம் பார்த்தது இரண்டு முறை.

செங்கோட்டையன் பயணம் கிளம்பும்போது பஸ் படியில் நின்று மூன்று விஷயம் சொல்வார். தண்ணீர் கண்ட இடத்தில் குடிக்காதே. நகை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்காதே. மூன்றாவதை மட்டும் எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைப்பார்: "காணாமப் போனா தேடி அலையாத. நேத்து ராத்திரி எங்க படுத்தமோ அங்க போயி உக்காரு. நாங்க அங்கதான் வருவோம்." ஆளுக்கு ஆள் செல்போன் வராத காலத்து ஏற்பாடு அது. காசிச் சந்துகளில் வழி தப்பியவர்கள் கூடச் சத்திரத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போயிற்று, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. தொழிலை விடுவதா என்று யோசித்தபோது கோகிலவாணி, "நான் போறேன்," என்றாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "செரி, போ. ஆனா ஒரு தல கொறஞ்சாலும் அதோட நிப்பாட்டிடோணும்," என்றார். அவளும் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த ஊரில் இருந்தாலும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்ய வேண்டும். நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். எடுத்ததும் ஒரே வார்த்தை: "எண்ணிக்கை?"

கோயில் எல்லாம் பார்த்து முடித்தவர்கள்தான் முதலில் கடல் கேட்டார்கள். மலை என்றால் கொல்லிமலை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. கடல்தான் சேந்தமங்கலத்துக்குத் தூரம். இது அவளுக்கு ஐந்தாவது அந்தமான். இருபத்திரண்டு பேர். சென்னை விமான நிலையத்தில் செங்கோட்டையனின் மூன்று விஷயங்களையும் இவள் சொன்னாள். மூன்றாவதை எல்லாரையும் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். பக்கத்தில் பெட்டியோடு நின்ற வடநாட்டுக்காரர்கள் ஏதோ பஜனை என்று நினைத்திருப்பார்கள்.

*

கடற்கரை முழுக்கக் கூட்டம். ராதாநகரில் பொழுது சாய்வதைப் பார்க்கத்தான் உலகத்து ஜனங்கள் எல்லாம் வருவார்கள். இவர்கள் மட்டும் படகுக்காக அதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். இடப்பக்கம் ஒரு பர்லாங், வலப்பக்கம் ஒரு பர்லாங் என்று கண்ணை ஓட்டினாள். வெள்ளை வேட்டி ஒன்றுகூட இல்லை.

சரவணமுத்துவுக்கு அறுபத்துமூன்று வயது. மனைவி தவறி மூன்று வருஷம். நாமக்கல்லில் இருக்கும் மகன் பணம் கட்டி, "அக்கா, எங்கப்பா எங்கயும் போனதில்ல. பாத்துக்குங்க," என்று சொல்லி அனுப்பினான். மனிதர் தொந்தரவே கொடுக்காத ரகம். முப்பத்துநாலு வருஷம் ஜவ்வரிசி ஆலையில் காயப்போடும் களத்தில் மேஸ்திரி. ஈர ஜவ்வரிசியை எப்போது விரிப்பது, எப்போது கிளறுவது, எப்போது அள்ளுவது எல்லாம் அவர் சொல்கிற நேரத்தில்தான் நடக்கும். கடிகாரம் கட்டியதே இல்லை. களத்தில் விழும் தன் நிழலைப் பார்த்து மணி சொல்வார். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே போகாது என்று பெயர்.

ஒரு சாய்ந்த மரத்தின் கிளையில் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கோகிலவாணி ஓடிப்போய் அதை எடுத்தாள். அது அவருடையதுதான். நேற்றுக்கூட விடுதிக் கிணற்றடியில் அலசிப் போட்டார். மரத்துக்கு நேரே அலை வந்து வந்து போனது. தண்ணீர் அழகாக இருக்கிறது என்று காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே தண்ணீர்.

சிவப்பு பனியன் போட்ட காவலாளியிடம் போய், காசியில் கற்ற இந்தியில் கேட்டாள். பூடா ஆத்மி, வயசான ஆள், வெள்ளை வேட்டி, தண்ணீரில் போனாரா? அவன் அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதிவிட்டு, மேடையில் ஏறி நின்று கடலைப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவளுக்கு நாமக்கல் மகனின் முகம் மட்டும் தெரிந்தது. அவனுக்குப் போன் செய்து முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தாள்.

அவன் இறங்கி வந்து தலையை ஆட்டினான். இன்றைக்கு வேட்டியோடு யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கால் மட்டும் நனைத்தார் ஒரு பெரியவர், அதுவும் காலையில். பிறகு அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனார், அவ்வளவுதான் தெரியும் என்றான்.

வேன் நிற்கும் சாலைக்குத் திரும்பி ஓடி வந்தாள். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த வங்காளிப் பெண்ணிடம் துண்டைக் காட்டி, வேட்டி கட்டுவது போல இடுப்பில் சைகை செய்தாள். அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அரிவாளால் சாலையைக் காட்டினாள். பஸ். வேட்டி கட்டிய பெரியவர் இங்கே ரொம்ப நேரம் நின்றார். மூன்று மணிக்கு முன்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

வேன் புறப்பட்டபோது மூன்று முப்பத்தைந்து. எல்லாருக்கும் உயிர் வந்தது.

"பஸ்ஸேறி படகுத்துறைக்கே போயிருப்பாருங்க," என்றார் குமாரசாமி. "நமக்கு முன்னாடி போயி நின்னுட்டு, ஏன் லேட்டுன்னு கேக்கப்போறாரு பாருங்க."

"நீங்க பேசாம வாங்க," என்றாள் வள்ளியாத்தாள். "அடுத்தவங்க டீயக் குடிச்சுப்போட்டு பேச்சு வேற."

"ஏனுங்க, டீ ஒரு குத்தமா?"

"டீ குத்தமில்ல. இந்தம்முணி டம்ளர வெச்சு ஆளப் பாக்குதுன்னு தெரியுமில்ல உங்களுக்கு? பதனேழாம் நம்பரு ஆளு கடலுக்குள்ள போயிருந்தா? டம்ளரு செரியா இருக்குது, எல்லாரும் இருக்காங்கன்னு நாம புளிசோறு தின்னுட்டு இருந்திருப்போம்."

கோகிலவாணி முன்சீட்டில் திரும்பாமல் இருந்தாள். அந்தம்மாள் சொன்னது குமாரசாமிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டு காலியானதை அவள் பார்த்தாளே தவிர, யார் கை எடுத்தது என்று பார்க்கவில்லை. டம்ளர் வாங்கிய இந்தப் பதினாறு வருஷத்தில் ஒருவர் இன்னொருவருக்காக டம்ளர் எடுத்ததே இல்லையா? எடுத்திருப்பார்கள். அவர்கள் எல்லாம் நல்லவேளையாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

இந்தத் தீவில் ஊர்களுக்குப் பேரைவிட நம்பர்தான் செல்வாக்கு. ஒன்றாம் நம்பரில் படகுத்துறை, மூன்றாம் நம்பரில் கடைவீதி, ஐந்தாம் நம்பரில் நேற்று அவர்கள் தங்கிய விடுதி, ஏழாம் நம்பரில் இப்போது விட்டு வந்த கடற்கரை. முதல்முறை வந்தபோதே நம்பர் போட்ட ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சாலையின் இருபக்கமும் பாக்குத் தோப்பும் வாழையும் வழிந்தன. யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை.

படகுத்துறைக்கு வந்தபோது மூன்று ஐம்பத்தெட்டு. வேன் நிற்பதற்குள் கோகிலவாணி குதித்தாள். தகரக் கொட்டகைக்குள் பெட்டிகளோடு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையின் நுனியிலிருந்து வால்வரை நடந்தாள். டீக்கடை, கழிப்பறை, பயணிகள் பெஞ்சு, வெளியே மீன் விற்கிற மரத்தடி. திரும்பவும் வரிசையின் வாலிலிருந்து நுனிவரை.

சரவணமுத்து அங்கே இல்லை.

வாசலில் டிக்கெட் பார்க்கிற ஆளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "வேட்டி கட்டினவரா? வந்தாரும்மா. டிக்கெட் இல்லாம உள்ள விடச்சொல்லிக் கேட்டாரு. எங்க ஆளுங்கெல்லாம் உள்ள இருக்காங்கன்னாரு. டிக்கெட் இல்லாம விட முடியாதுன்னேன். அப்புறம் படகு போனதும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு."

"எந்தப் படகு?"

"மூணரைப் படகு."

"எங்களுது நாலரை ஆச்சே. அவருக்கே தெரியும், நாலரைன்னு."

"அதையும் சொன்னாரு. நாலரைப் படகு இதுதானேன்னு கேட்டாரு. நான் கூட்டத்துல இருந்தேன், என்ன சொல்றாருன்னு கவனிக்கல."

கோகிலவாணி அப்படியே நின்றாள். வெயில் தணிந்து மஞ்சளாகி இருந்தது. சிமெண்டுத் தரையில் அவள் நிழல் நாலு ஆள் நீளத்துக்கு விழுந்து, வரிசையில் நின்றவர்கள் கால்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. சேந்தமங்கலத்தில் இப்படி ஒரு நிழல் விழுந்தால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பலகாரமும் தின்று முடித்திருக்கும். மணி ஐந்து.

போனைப் பார்த்தாள். நாலு.

காலையில் நடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரவணமுத்து விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எந்திரிங்க, மணி ஆறாச்சு," என்று எல்லாரையும் எழுப்பிவிட்டார். எழுந்து பார்த்தால் ஐந்துகூட ஆகவில்லை, வானம் மட்டும் வெளுத்திருந்தது. வள்ளியாத்தாள், "உங்களக் கட்டிக்கிட்டு வந்தவ எப்படித்தான் தூங்குனாளோ," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தாள். இந்தத் தீவுகளில் பொழுது நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முந்தி உதித்து, ஒரு மணி நேரம் முந்திச் சாய்கிறது என்பது ஐந்து முறை வந்த அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவருக்கு அவர் நிழல் சரியாகத்தான் மணி சொல்லியிருக்கிறது. மூன்றேகால் என்று சொன்னபோது வேனுக்கு வந்திருப்பார். அப்போது நிஜ மணி இரண்டேகால், டிரைவர் வேனை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போயிருந்த நேரம். நாலரை என்று சொன்னபோது இங்கே வந்து நின்றிருப்பார். கண்ணுக்கு முன்னால் படகு போயிருக்கிறது.

அப்புறம் எங்கே போயிருப்பார்?

அதை அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வாய் அதைத் திருப்பிச் சொன்னது. அதில் உரக்கச் சொன்ன வாய் சரவணமுத்துவினுடையது. வேலை செய்த இடத்தில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டே பழகிய மனிதர்.

"பிரியா."

"அம்மா, வரிச நகருது."

"எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போ. நான் அஞ்சாம் நம்பருக்குப் போறேன்."

"அங்க போயிட்டு பதினஞ்சு நிமிசத்துல எப்படிம்மா திரும்பி வருவ?"

"வர முடியாது."

சண்முகப்பிரியாவின் கண் கலங்கியது. "அவரு அங்க இல்லாமப் போயிட்டா? நீ மட்டும் இந்தத் தீவுல என்ன பண்ணுவ?"

"அப்ப போலீஸ்காரங்ககிட்டப் போறேன். நீ அழுதுக்கிட்டு நின்னீன்னா இவுங்களும் ஏற மாட்டாங்க. நாளைக்கு இருபத்தோரு பேருக்கு எந்தப் படகுலயும் எடம் கெடைக்காது. ரெண்டு பேருன்னா எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு வந்துருவோம். காத்தால பதனொரு மணிக்கு ஏரோப்ளேன். போ கண்ணு."

அதற்குள் வள்ளியாத்தாளின் காதில் விழுந்துவிட்டது. "ஏன் அம்முணி, எங்களயெல்லாம் இந்தப் புள்ளைய நம்பி உட்டுப்போட்டா போற? உங்கூட்டுக்காரரு இருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

கோகிலவாணி அந்தம்மாளின் பையைத் தூக்கி அவள் கையிலேயே கொடுத்தாள். "அவரு இருந்தாலும் இதத்தானுங்க பண்ணியிருப்பாரு. மூணாவது வெசயம் என்னன்னு சொன்னாரு? நாங்க அங்கதான் வருவோம். போகாட்டி அது பொய்யாப் போயிருமுங்க."

*

ஆட்டோவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தாண்டியபின்தான் பயம் முழுசாக வந்தது. இது வெறும் ஊகம். ஒரு படகுத்துறை ஆள் கவனிக்காமல் கேட்ட பேச்சையும் ஒரு நிழலையும் வைத்துக்கொண்டு இருபத்தோரு பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர் பதற்றத்தில் எங்காவது நடந்து போயிருந்தால்? நெஞ்சு வலித்து எந்தத் தோப்பிலாவது உட்கார்ந்திருந்தால்? மூன்றாம் நம்பர் கடைவீதியில் ஒவ்வொரு கடை வாசலையும் பார்த்துக்கொண்டே போனாள். ஆட்டோக்காரன் பாட்டு வைத்தான். வேண்டாம் என்றாள்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. "வாசல் அடைக்கறாங்கம்மா. எல்லாரும் உள்ள வந்தாச்சு. இருபத்தொண்ணு. கைய வெச்சு, மூஞ்சியப் பாத்து, ஒவ்வொருத்தரா எண்ணுனேன்."

"செரி," என்றாள். டம்ளரைப் பற்றி மகள் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

விடுதி வாசலில் ஆட்டோ நின்றபோது முன்பக்கம் யாரும் இல்லை. மேனேஜர் அறை பூட்டியிருந்தது. புதிதாக வந்த யாரோ ஒரு ஜோடி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனாள். நேற்று ராத்திரி அவள் சமைத்த தகரக் கொட்டகை, கிணறு, துவைக்கிற கல்.

துவைக்கிற கல்லில் சரவணமுத்து உட்கார்ந்திருந்தார். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

கோகிலவாணி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டியா அம்முணி," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே. ஒரு ஆளு கொறையுதுன்னு ஒருத்தருக்கும் தெரியலியா?"

"நாங்க போகலீங்கண்ணா. நீங்கதான் முந்திக்கிட்டீங்க."

"நானா? மூணேகாலுக்குச் சொன்னீங்க. மூணேகாலுக்கு டாண்ணு வந்தேன். வேனையே காணோம். செரி, கடலோரத்துல பாக்கலாம்னா வேன் வந்துட்டுப் போயிருமோன்னு பயம். அரைமணி நேரம் அங்கியே நின்னேன். நாலரைப் படகு எங்கண்ணு முன்னால போச்சு."

"அது மூணரைப் படகுங்க."

"மூணரையா? இப்பவே மணி அஞ்சரை ஆகுது."

கோகிலவாணி போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். நாலு இருபத்தாறு. அவர் அதைப் பார்த்தார். பிறகு மேற்கே, தோப்புக்கு மேல் சிவந்து நின்ற பொழுதைப் பார்த்தார். பிறகு தரையில் தன் நிழலைப் பார்த்தார்.

"உம்பட போன் கெட்டுப்போச்சு," என்றார்.

"போன் கெடலீங்க. இங்க பொழுது ஒரு மணி நேரம் முன்னாடி வருது, முன்னாடி போகுது. நம்மூருக்குக் கெழக்கால அத்தன தொலவுல இருக்கோம். நாஞ் சொல்லியிருக்கோணும். சொல்லல. எம்பேர்லதான் தப்பு."

அவர் கண் நிழலை விட்டு நகரவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு மூட்டை ஜவ்வரிசி அவர் சொல்லி ஈரமாக அள்ளியதில்லை. அந்த மனிதரின் முகத்தில் என்ன ஓடியது என்று கோகிலவாணி பார்க்க விரும்பவில்லை; கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப காத்தால நான் எல்லாத்தையும் எழுப்புனது?"

"அஞ்சு மணிகூட ஆகலீங்க."

"அதான் அந்தம்மா அப்புடிப் பேசுச்சா." பிறகு, "நம்ம படகு?" என்றார்.

"இன்னும் நாலு நிமிசத்துல கெளம்பும். நாம அதுல இல்ல. காத்தால ஆறு மணிக்கு ஒண்ணு இருக்குது. அதப் புடிச்சு நேரா ஏரோப்ளேனுக்கு ஓடோணும்."

"எனக்காவ நீ நின்னுட்டியா?"

அவள் துண்டை அவர் தோளில் போட்டாள்.

*

ஐந்து மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. மேனேஜர் வந்து பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல், மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அறை திறந்துவிட்டார். கோகிலவாணியே அப்படிக் கேட்டாள். வள்ளியாத்தாளின் வாய் சேந்தமங்கலத்துக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேரும். கொண்டு போவதற்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

ஆறு மணிவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. கிணற்றடியில் நின்று போன் செய்தாள்.

"இன்னும் வெயில் அடிச்சிட்டிருக்குது, அதுக்குள்ள கூப்புடற," என்றார் செங்கோட்டையன்.

"இங்க இருட்டிருச்சுங்க."

"எண்ணிக்கை?"

இருபத்திரண்டு என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. மகளிடமும் சொல்லி வைத்தால் போதும். பதினேழாம் நம்பர் டம்ளர் கைப்பையில் ஏதோ ஒன்றோடு இடித்துச் சத்தம் போட்டது.

"இருபத்தொண்ணு படகுல. ஒண்ணு எங்கூடத் தீவுல."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை அணைப்பது கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளரை வேறு ஆள் எடுத்ததை, தான் கவனிக்காததை, துண்டை, நிழலை, படகை. எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது, இனிமேல் கூடை நிறைய இருக்கும் டம்ளர்களை என்ன செய்வது என்ற நினைப்புகூட வந்துவிட்டது.

"ஒரு தல கொறஞ்சா நிப்பாட்டிடோணும்னு சொல்லியிருந்தீங்க," என்று அவளே ஆரம்பித்தாள்.

"அவரு எங்க இருந்தாரு?"

"நேத்துப் படுத்த எடத்துலதான். வந்து உக்காந்திருந்தாரு."

"எத்தன நேரமா?"

"அரமணி நேரம் இருக்கும்."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. நோய் வந்ததிலிருந்து ஒரு மாதிரி இழுத்து விடுவார்.

"இருபத்தொண்ணும் ஒண்ணும் எத்தன?"

"இருபத்திரண்டுங்க."

"அப்பறம் என்ன கொறஞ்சுது? சாப்பிட ஏதாச்சும் இருக்குதா உங்களுக்கு?"

"பாத்துக்கலாமுங்க."

"காத்தால படகுக்கு அந்தாள நெழலப் பாக்க உடாத," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கோகிலவாணி மேனேஜரிடம் பாலும் சர்க்கரையும் டீத்தூளும் வாங்கி, நேற்று மூட்டிய அடுப்பைத் திரும்ப மூட்டி டீ போட்டாள். பதினேழாம் நம்பர் டம்ளரைக் கழுவி, ஊற்றி, துவைக்கிற கல்லில் கொண்டுபோய் வைத்தாள். எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. சரவணமுத்து வந்து நம்பரைப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார். அதுவரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் தன் டீயை ஊற்றினாள்.

"அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்போணும்," என்று போனில் அலாரம் வைத்தாள்.

"அதெதுக்கு அம்முணி," என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. "நாங் கதவத் தட்டி எழுப்பி உடறேன்."

"நீங்க தூங்குங்கண்ணா," என்றாள் கோகிலவாணி.